வீட்டிலேயே ஹேமக் தைக்க எந்தத் துணி வாங்கலாம்?

பழைய நூல்சேலை ஒன்றும், உத்தரத்தில் கட்ட ஒரு கயிறும் இருந்தால் குழந்தைக்குத் தூளி தயார். தூளியில் தூங்கும் வயது முடியும்போதுகூடக் குழந்தையின் எடை பத்து, பன்னிரண்டு கிலோவைத் தாண்டுவது அரிது. அதே அமைப்பை இரண்டு மரங்களுக்கு நடுவே ஹேமக்காகக் கட்டி, எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் இரவு முழுக்கத் தூங்க வேண்டுமென்றால் துணியைப் பற்றிப் புதிதாகத்தான் யோசிக்க வேண்டும். துவைத்துத் துவைத்து மெலிந்த சேலை குழந்தைக்கு இதம். பெரியவருக்கு அது ஆபத்து.

முகாமுக்குப் போகிறவர்கள் வீட்டில் தைக்கும் ஹேமக்குகளில் மிக எளியது, நீளமான செவ்வகத் துணியின் இரு முனைகளையும் சுருக்கி இறுகக் கட்டும் வகை. தையல் வேலை குறைவு, மடித்தால் சின்னப் பைக்குள் அடங்கிவிடும். இந்த வகைக்குத் துணி வாங்கக் கடைக்குப் போகிறவர் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, “இது என் எடையைத் தாங்குமா?” என்பது. நியாயமான கேள்விதான். ஆனால் ஹேமக் கிழிவது பெரும்பாலும் துணியின் மொத்த வலு போதாமல் அல்ல; ஓரிடத்தில் விழுந்த சின்ன வெட்டு ஓடத் தொடங்கி நிற்காமல் போவதால்தான். ஆகவே “எவ்வளவு தாங்கும்” என்பதோடு “கிழியத் தொடங்கினால் நிற்குமா” என்பதையும் சேர்த்துக் கேட்கப் பழக வேண்டும். இந்தக் கட்டுரையின் பாதி அந்த இரண்டாம் கேள்வியைப் பற்றியது.

முதலில், துணி மேல் விழும் பாரம்

எழுபது கிலோ ஆள் படுத்தால் துணிக்கு எழுபது கிலோ பாரம் என்றுதான் தோன்றும். அது கட்டும் கோணத்தைப் பொறுத்தது. முனைக் கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சாய்வில் இருந்தால், ஒவ்வொரு பக்கமும் இழுக்கும் விசை சரியாக உங்கள் எடை அளவு: இந்தப் பக்கம் 70 கிலோ, அந்தப் பக்கம் 70 கிலோ. தொய்வைக் குறைத்து 10 பாகைக்குக் கொண்டுவந்தால் ஒவ்வொரு பக்கமும் சுமார் 200 கிலோ. விறைப்பாக இழுத்து 5 பாகையில் கட்டினால் 400 கிலோ. ஆள் அதே ஆள்தான். எடையை இரண்டால் வகுத்து, அதைக் கோணத்தின் சைன் மதிப்பால் வகுத்தால் இந்த எண்கள் வரும். பள்ளிக் கணக்கே போதும்.

படுக்கை நேராக இருக்கட்டும் என்று இறுக்கிக் கட்டுகிறவர்கள் துணியையும் கயிற்றையும் மரத்தையும் ஒன்றாக வருத்துகிறார்கள். நேராகப் படுக்க வழி வேறு. தொய்வாகக் கட்டிவிட்டு, நீளவாட்டில் படுக்காமல் கொஞ்சம் குறுக்காகப் படுக்க வேண்டும். அப்போது முதுகு வளையாது. துணி அகலமாக இருக்க வேண்டும் என்பதற்குக் காரணமும் இதுவே. 30 பாகையை அளக்கக் கருவி வேண்டாம்: ஹேமக்கின் முனையிலிருந்து மரத்தை நோக்கி ஒரு மீட்டர் போனால் கயிறு சுமார் 58 சென்டிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். இரண்டு மரங்களுக்கும் இடையே நாலரை மீட்டர் இருந்தால், ஏறக்குறைய ஆளுயரத்தில் கட்ட வேண்டி வரும்.

இந்தப் பாரத்தைத் துணியின் அகலத்துக்குப் பங்கிட்டுப் பாருங்கள். துணி ஒன்றரை மீட்டர் அகலம் என்றாலும் உடல் அழுத்துவது நடுவில் ஒரு பகுதியைத்தான். கணக்குக்காக 40 சென்டிமீட்டர் அகலம் மட்டுமே முழுப் பாரத்தையும் ஏற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30 பாகையில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றே முக்கால் கிலோ வரும். 10 பாகையில் அதுவே 5 கிலோ. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டெனியர், கவுண்ட், ஜி.எஸ்.எம்.

நைலான், பாலியஸ்டர் நூலின் தடிமனை டெனியரில் சொல்வார்கள். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராமோ, அத்தனை டெனியர். 40 டெனியர் மெல்லியது, 70 டெனியர் அதைவிடத் தடித்தது. ஈரோட்டிலோ திருப்பூரிலோ நூலோடு வளர்ந்தவர்கள் இங்கே தடுமாறக்கூடும். பருத்தி நூலுக்கு நாம் சொல்லும் கவுண்ட் தலைகீழாகப் போகும். எண் கூடக்கூட நூல் மெலியும். நாற்பதாம் நம்பர் பருத்தி நூல் சுமார் 133 டெனியர் தடிமன். ஆகவே “40” என்ற எண்ணைக் கேட்டதும் எந்த நாற்பது என்று கேளுங்கள்.

டெனியர் தெரிந்தால் வலுவைத் தோராயமாகக் கணிக்கலாம். சாதாரண நைலான் நூல், ஒரு டெனியருக்குச் சுமார் 5 கிராம் பாரம் வரை தாங்கும். 40 டெனியர் நூல் ஒன்று 200 கிராம். துணியில் ஒரு சென்டிமீட்டருக்கு 50 நூல் ஓடினால் 10 கிலோ. மேலே சொன்ன ஒன்றே முக்கால் கிலோவுக்குப் பக்கத்தில் இதை வையுங்கள்: ஐந்து மடங்குக்கு மேல் மிச்சம் இருக்கிறது. இறுக்கிக் கட்டி 10 பாகைக்குக் கொண்டுபோனால் இரண்டு மடங்குதான் மிச்சம். அதன் மேல் பொத்தென்று விழுந்து உட்கார்ந்தால், திடீரென இறங்கும் பாரம் இரட்டிப்பாகும் என்பதால் அந்த மிச்சமும் போய்விடும். அதே துணிதான், அதே ஆள்தான். கட்டிய விதமும் உட்கார்ந்த விதமும் அதன் வலுவை விழுங்கிவிட்டன. ஒரு துணி நல்லதா கெட்டதா என்ற தீர்ப்பைக் கோணம் சொல்லாமல் தருகிறவர்களை நான் நம்புவதில்லை.

நெய்யும்போதும் மடிக்கும்போதும் நூல் கொஞ்சம் வலு இழக்கும். முழங்கை, குதிகால் ஊன்றும் இடத்தில் பாரம் குவியும். அதனால் அந்த ஐந்து மடங்கு ஆடம்பரம் அல்ல, தேவை. தொடக்கக்காரருக்கு 40 டெனியருக்குக் குறைந்த துணி வேண்டாம். எழுபது, எண்பது கிலோவுக்கு மேலிருப்பவர் 70 டெனியருக்குப் போய்விடலாம். மெல்லிய துணியை இரண்டு அடுக்காகத் தைப்பதும் நல்ல வழி. இரண்டு அடுக்குக்கு நடுவே பாய் ஒன்றைச் செருகிக்கொள்ளலாம். கொடைக்கானல் போன்ற இடத்தில் குளிர்கால இரவில் முதுகுப்பக்கம் காற்று வீசும்போது அந்தப் பாயின் அருமை தெரியும். கொசு கீழேயிருந்து துணி வழியே கடிப்பதும் இரண்டு அடுக்கில் பெருமளவு குறையும்.

கடையில் பெரும்பாலும் டெனியர் தெரியாது, ஜி.எஸ்.எம். தெரியும். அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில். அதுவும் தெரியாவிட்டால் நீங்களே கண்டுபிடிக்கலாம். 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் துண்டை வெட்டி, நகை எடைபோடும் சின்னத் தராசில் வைத்து, வரும் எண்ணை நூறால் பெருக்குங்கள். 0.6 கிராம் என்றால் 60 ஜி.எஸ்.எம். வெளிநாட்டுக் குறிப்புகளில் சதுர கஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்று போட்டிருக்கும். அங்கே ஹேமக்குக்குப் பரவலாகச் சொல்லப்படும் 1.6 அவுன்ஸ் நம் கணக்கில் சுமார் 54 ஜி.எஸ்.எம்., 1.9 அவுன்ஸ் சுமார் 64. நைலானில் 55 முதல் 70 ஜி.எஸ்.எம். வரை உள்ள நெருக்கமான நெசவு, முதல் ஹேமக்குக்குப் பொருத்தம் என்பது என் கருத்து.

கிழியத் தொடங்கினால் என்ன ஆகும்?

துணியைப் பிடித்து நேராக இழுக்கும்போது நூறு நூல்கள் சேர்ந்து எதிர்க்கின்றன. ஓரத்தில் ஒரு வெட்டு விழுந்தபின் இழுத்தால், வெட்டின் முனையில் இருக்கும் ஒன்றிரண்டு நூல்கள் மட்டுமே எதிர்க்கின்றன. அவை அறுந்ததும் பாரம் அடுத்த ஒன்றிரண்டுக்குப் போகிறது. துணிக்கடையில் ஓரத்தில் கத்தரியால் சின்ன வெட்டுப் போட்டுச் சர்ரென்று கிழித்துத் தருவார்கள் அல்லவா, நடப்பது அதுதான். எழுபது கிலோவைத் தாங்கும் துணியைக் கடைக்காரர் இரண்டு கையால் கிழித்துவிடுகிறார். ஹேமக்கில் அந்தக் கத்தரி வெட்டின் வேலையை ஒரு முள், பேன்ட் பாக்கெட்டில் இருக்கும் சாவி, பெல்ட்டின் கொக்கி, தீப்பொறி பட்ட ஓட்டை எதுவும் செய்யும்.

ரிப்ஸ்டாப் என்ற துணி இதற்காகவே வந்தது. மெல்லிய நூல்களுக்கு இடையே சில மில்லிமீட்டருக்கு ஒன்றாகத் தடித்த நூலை, நீளவாட்டில் ஓடும் பாவிலும் குறுக்கே ஓடும் ஊடையிலும் கோப்பார்கள். துணியைப் பார்த்தாலே சின்னச் சின்னக் கட்டம் தெரியும். கிழிசல் ஓடிவந்து அந்தத் தடித்த நூலில் முட்டி நிற்கும்; குறைந்தது வேகம் தணியும். 1935-இல் டியூபான்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோத்தர்ஸ் உருவாக்கிய நைலான், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் பட்டு கிடைக்காமல் போனபோது பாராசூட்டுகளுக்குள் நுழைந்தது. கட்டம் போட்ட இந்த நெசவும் பாராசூட் தேவையோடு சேர்ந்து வளர்ந்ததுதான். வானிலிருந்து இறங்கும் ஒருவருக்கு மேலே விழும் ஓட்டை ஓட்டையாகவே இருக்க வேண்டும், கிழிசலாக மாறக் கூடாது.

நம் கடைகளில் “பாராசூட் துணி” என்று கேட்டால் பளபளக்கும் மெல்லிய துணி எதையும் எடுத்துப் போடுவார்கள். அந்தப் பெயரில் நம்பிக்கை வைக்காதீர்கள். மழைச்சட்டை, குடை, காற்றுத் தடுக்கும் ஜாக்கெட் ஆகியவற்றுக்கான டஃபேட்டா என்ற வழுவழுப்பான துணியும் அதே பெயரில்தான் விற்கிறது. கட்டம் அச்சடிக்கப்பட்ட துணியும் உண்டு. விரலால் தடவினால் தடித்த நூல் நெருடுகிறதா என்று பாருங்கள்.

நைலானா, பாலியஸ்டரா, பருத்தியா?

நைலான் கொஞ்சம் நீளும். படுத்தால் உடலுக்கு ஏற்பக் குழிந்து கொடுக்கும், அதனால் இதம். பனியில் நனைந்தால் இன்னும் நீளும், வலுவும் சற்றுக் குறையும். இரவில் முழங்கால் உயரத்தில் கட்டியது விடியலில் தரையைத் தொடப் பார்ப்பது இதனால்தான். வெயிலும் நைலானுக்கு எதிரி.

பாலியஸ்டர் குறைவாக நீளும், தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை, வெயிலையும் நைலானைவிட நன்றாகத் தாங்கும். படுத்தால் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். நம் ஊர் வெயிலுக்கும் பனிக்கும் 70 ஜி.எஸ்.எம். அளவில் நெருக்கமான பாலியஸ்டர் ரிப்ஸ்டாப் கிடைத்தால் நான் அதைத்தான் முதலில் எடுப்பேன். அமெரிக்காவில் ஹேமக் தைக்கிறவர்கள் விருந்து மேசைக்குப் போடும் நீளமான பாலியஸ்டர் விரிப்பை வாங்கி, இரு முனையையும் சுருக்கிக் கட்டிப் படுக்கிறார்கள். 60 அங்குலத்துக்கு 126 அங்குலம் என்ற அளவில் அது தயாராகவே கிடைக்கிறது; ஓரமும் மடித்துத் தைத்திருக்கும். விலை குறைவு என்பதால் முதல் முயற்சிக்கு ஏற்றது. துணி நெருக்கமாக நெய்ததாக இருந்தால் நம் ஊர் மேசை விரிப்பிலும் இதைச் செய்யலாம்.

பருத்தியின் மேல் எனக்குப் பிரியம் உண்டு. தொட்டால் குளுமை, வியர்வை ஒட்டாது, நெருப்பில் உருகி உடம்பில் ஒட்டாது. நனைந்தால் வலு கூடும் இழை அது. ஆனால் ஒரே தடிமனில் பருத்தி நூலின் வலு நைலானில் பாதிக்கும் குறைவு. ஆளைத் தாங்க வேண்டுமென்றால் 200 ஜி.எஸ்.எம். அளவில் கேன்வாஸோ தடித்த காடாவோ வேண்டும். ஐந்து சதுர மீட்டருக்கு ஒரு கிலோ ஆகிவிடும். நனைந்தால் சுமை இன்னும் ஏறும். காய ஒரு பகல் போதாது. ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடித்து இற்றுவிடும். வீட்டுத் தோட்டத்திலோ தென்னந்தோப்பிலோ கட்டிவைக்கப் பருத்தி அருமை. முதுகில் சுமந்து மலையேற அது வேண்டாம்.

இன்னும் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பனியன் துணி வேண்டாம். பின்னலாடை நீண்டுகொண்டே போகும். ஃப்ளெக்ஸ் பேனர் பார்க்க முரட்டுத்தனமாக இருந்தாலும் காற்றுப் புகாது, மடிப்பில் வெடிக்கும். உரச்சாக்குப் போன்ற பாலிபுரோப்பிலீன் நெசவு வெயிலில் சில மாதத்தில் பொடியும். தண்ணீர் புகாமல் சிலிக்கான் பூசிய நைலான் கூடாரத்துக்கும் மழைத் தார்ப்பாய்க்கும் உரியது. அதில் படுத்தால் நம் வியர்வையே நம்மை நனைத்துவிடும். ஹேமக்குக்கு வேண்டியது பூச்சில்லாத துணி. துணியை உதட்டில் வைத்து ஊதினால் காற்று கொஞ்சமாவது மறுபக்கம் வர வேண்டும்.

கடையில் செய்யும் சோதனைகள்

ஈரோடு கனி மார்க்கெட்டிலோ சென்னை கோடவுன் தெருவிலோ வாங்கினாலும், இணையத்தில் வரவழைத்தாலும், முதலில் கால் மீட்டர் மட்டும் வாங்குங்கள். அதைப் பாழாக்கிப் பார்த்தபின் மிச்சத்தை வாங்கலாம்.

இரண்டு கட்டைவிரல்களையும் அருகருகே அழுத்தி வைத்துத் துணியைப் பக்கவாட்டில் இழுங்கள். விட்டபின் நூல்கள் நகர்ந்து வெளிச்சம் தெரியும் இடைவெளி அப்படியே நின்றால் நெசவு தளர்ந்தது. அந்தத் துணி தையல் ஓரத்தில் பிரியும். அடுத்து ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் வெட்டுப் போட்டு, இரு பக்கமும் பிடித்துக் கிழித்துப் பாருங்கள். பாவு வாட்டத்தில் ஒரு முறை, ஊடை வாட்டத்தில் ஒரு முறை. காகிதம்போல ஓடினால் ஒதுக்கிவிடுங்கள். நல்ல ரிப்ஸ்டாப் கட்டத்துக்குக் கட்டம் முரண்டு பிடிக்கும். இந்த ஒரு சோதனையை மட்டும் எந்த அவசரத்திலும் விட்டுவிட வேண்டாம்.

என்ன இழை என்ற சந்தேகம் இருந்தால் நான்கைந்து நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, திறந்த வெளியில், பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு பற்றவையுங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து மென்சாம்பலாகும். நைலானும் பாலியஸ்டரும் சுருங்கி, உருகி, முனையில் கெட்டியான மணி உருளும். பாலியஸ்டரில் கரும்புகை அதிகம்.

முழுத் துணி கைக்கு வந்ததும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து அங்குலம் அங்குலமாகப் பாருங்கள். குறை இருப்பதால் ஒதுக்கிய செகண்ட்ஸ் துணி மலிவு, சட்டைக்குப் பரவாயில்லை. ஆனால் ஒரு பாவு இழை அறுந்து நீளக் கோடாக ஓடும் இடமோ, ஊடை விட்டுப்போன இடமோ ஹேமக்கின் நடுவில் வந்தால் கிழிசல் தொடங்க அதுவே வாசல்.

அளவும் வெட்டும்

58 அல்லது 60 அங்குலப் பன்னா, அதாவது துணியின் அகலம், கேட்டு வாங்குங்கள். நீளம் மூன்றே முக்கால் மீட்டர் வாங்கினால், முனை மடிப்புக்கும் சுருக்கத்துக்கும் போகச் சுமார் 3.3 மீட்டர் நிற்கும். சராசரி உயரக்காரருக்கு அது வசதியான அளவு. பாவு நீளவாட்டில் ஓட வேண்டும். இரண்டு நீளப் பக்கத்திலும் தறிக்கரை (தறியிலேயே பிரியாதபடி நெய்த ஓரம்) வரும்படி இருந்தால் இன்னும் நல்லது. நூலோட்டத்துக்குக் கோணலாக வெட்டிய துணி நீண்டு திரிந்துவிடும். பன்னா போதாமல் இரண்டு துண்டை இணைக்க வேண்டி வந்தால் நீளவாட்டில் மட்டும் இணையுங்கள். அகலவாக்கில் குறுக்கே ஓடும் தையல், உங்கள் முழுப் பாரத்தையும் வெறும் தையல் நூலில் தொங்கவிடும்.

ஊசி துணியில் போடும் ஒவ்வொரு துளையும் ஒரு சின்ன வெட்டு என்பதை மறக்க வேண்டாம். மெல்லிய 12-ஆம் நம்பர் ஊசி, பாலியஸ்டர் தையல் நூல் போதும். அங்குலத்துக்கு எட்டு, பத்துத் தையலுக்கு மேல் நெருக்கித் தைத்தால் துணியைத் துளையிட்டுக் கிழிக்கும் கோடாக்கிவிடுவீர்கள். பருத்தி நூல் ஈரத்தில் உளுத்துப்போகும். இந்த வகை ஹேமக்கில் பாரத்தைச் சுமப்பது தையல் அல்ல, முனையில் சுருக்கி இறுகச் சுற்றிய கட்டு. ஆகவே அந்தக் கட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். மரத்தில் சுற்ற இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறையாத அகலமுள்ள பாலியஸ்டர் பட்டை வாங்குங்கள். மெல்லிய கயிறு மரத்தின் தோலை அறுத்துக் காயப்படுத்தும். நைலான் பட்டை நீண்டு தொய்ந்துவிடும்.

தைத்து முடித்ததும் நேரே மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். வீட்டருகே, கல் இல்லாத மண் தரைக்கு மேல், ஒரு நாற்காலி உயரத்துக்கு மிகாமல் கட்டி, உங்கள் எடையைப் போல ஒன்றரை மடங்கு மணல் மூட்டைகளை வைத்து ஓர் இரவு விடுங்கள். காலையில் முனைக்கட்டு, ஓரத் தையல், நடுப்பகுதி மூன்றையும் விரலால் தடவிப் பாருங்கள். நூல் நகர்ந்திருந்தாலோ ஊசித் துளைகள் நீண்டிருந்தாலோ அந்தத் துணி வேண்டாம். பிறகு மெதுவாக, இரண்டு கையாலும் துணியை விரித்துப் பிடித்து, நடுவில் உட்கார்ந்து பாருங்கள். பாறைக்கு மேலோ ஓடைக்கு மேலோ எப்போதும் கட்டக் கூடாது, துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும்.

ஒவ்வொரு முறை போய்வந்ததும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கும் வேலை தொடரட்டும். நிறம் வெளுத்து, கையில் எடுத்தால் மொடமொடப்பாகத் தெரியும் நைலான் வெயிலில் வலு இழந்திருக்கும்.  அதில் இனி ஆள் படுக்க வேண்டாம். சாமான் கட்டும் பைகள் தைத்துக்கொள்ளலாம்.